ஒரே மாவட்டம், ஒரே சட்டம், வெவ்வேறு நீதி: தங்க தமிழ்ச்செல்வன் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேனி மக்களவை உறுப்பினர் தங்க தமிழ்ச்செல்வன் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டிபட்டித் தொகுதியில் ஓட்டு உள்ளவன் எழுதுகிறேன். ரோடு, தண்ணீர், ரயில் என்று கேட்க இதை எழுதவில்லை. அவற்றுக்குத் தனியாக மனு கொடுத்துக்கொள்கிறோம். கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று எல்லோரும் சொல்லும் அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை, கட்சியை விட்டுப் போகிற, கட்சி உத்தரவை மீறி ஓட்டுப் போடுகிற உறுப்பினரின் பதவியைப் பறிக்கும் சட்டம். அதைத் திருத்த, மக்களவையில் நீங்கள் ஒரு தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா, கொண்டுவர வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போன 39 பேரில் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. இந்தச் சட்டத்தைப் புத்தகத்தில் படித்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருப்பார்கள். அதனால் பதவி இழந்து, நீதிமன்றப் படியேறி, தோற்று, வேறு கட்சிக்குப் போய், மறுபடி மக்களிடம் வந்து ஜெயித்தவர் நீங்கள். சட்டத்தின் ஓட்டை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் அரசியலை நாங்கள் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். 2001இல் ஆண்டிபட்டியில் ஜெயித்தீர்கள். ஜெயலலிதா போட்டியிட வேண்டும் என்பதற்காக அந்த இடத்தை விட்டுக்கொடுத்தீர்கள். 2002 பிப்ரவரியில் இடைத்தேர்தல் வந்தது. புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்த எம்.ஜி.ஆரை 1984இல் ஜெயிக்க வைத்த ஊர் இது. முதலமைச்சர் தொகுதி என்ற பெருமை எங்களுக்கும் பிடித்திருந்தது. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். நாங்கள் போட்ட ஓட்டை எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தலைமைக்குக் கொடுத்தீர்கள். அன்று கட்சியில் அதை விசுவாசம் என்றார்கள். 2011, 2016 இரண்டிலும் மறுபடி உங்களையே அனுப்பினோம்.

பிறகு 2017. ஜெயலலிதா இல்லாத அதிமுகவில் தினகரன் பக்கம் நின்றீர்கள். பதவி போனது. 2019 மக்களவைத் தேர்தலில் தேனியில் தினகரனின் அமமுகவுக்காகப் பரிசுப் பெட்டிச் சின்னத்தில் நின்று மூன்றாவதாக வந்தீர்கள். அந்த ஆண்டு ஜூனில் திமுகவில் சேர்ந்தீர்கள். 2021இல் போடியில் ஓ. பன்னீர்செல்வத்திடம் சுமார் 11 ஆயிரம் ஓட்டில் தோற்றீர்கள். 2024இல் இதே தேனியில், எந்தத் தலைவருக்காகப் பதவியை இழந்தீர்களோ அதே தினகரனை எதிர்த்து உதயசூரியனில் நின்று 2.78 லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தீர்கள்.

இதைக் குற்றப்பத்திரிகையாக எழுதவில்லை. கட்சி மாறினாலே துரோகி என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. தமிழ்நாட்டில் பெரிய கட்சிகள் எல்லாமே ஒரு கட்சியிலிருந்து யாரோ வெளியேறியதால் பிறந்தவைதான். பெரியார் 1925இல் காங்கிரசை விட்டு வெளியேறினார். அண்ணா 1949இல் திராவிடர் கழகத்தை விட்டுப் பிரிந்தார். எம்.ஜி.ஆர். 1972இல் திமுகவிலிருந்து நீக்கப்பட்டு அதிமுகவைத் தொடங்கினார். வைகோ 1993இல் திமுகவிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகுதான் மதிமுக வந்தது. மனிதனுக்குக் கருத்து மாறும், தலைமையோடு ஒத்துப்போகாமல் போகும், இருக்கிற இடத்தில் மூச்சு முட்டும். வெளியே போக அவனுக்கு உரிமை உண்டு. போகும்போது எங்கள் ஓட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போகலாமா என்பதில்தான் தகராறு. அதைத் தீர்க்க வேண்டியது யார் என்பது அடுத்த தகராறு. 2017இல் நம் மாவட்டம் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தது.

தேனி மாவட்டத்தில் சட்டமன்றத் தொகுதிகள் நான்கே நான்கு. 2016இல் நான்கிலும் அதிமுக, இரட்டை இலை. அடுத்த ஆண்டே அந்த நால்வருக்கும் என்ன நடந்தது என்று வரிசையாகப் பாருங்கள்.

போடிநாயக்கனூர் உறுப்பினர் ஓ. பன்னீர்செல்வம். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு நம்பிக்கை வாக்குக் கோரியபோது அவரும் அவரோடு இருந்த பத்துப் பேரும் எதிர்த்து வாக்களித்தார்கள். 122க்கு 11. அவர்களைத் தகுதிநீக்கம் செய்யக் கோரி அந்த மார்ச்சிலேயே பேரவைத் தலைவரிடம் மனுப் போனது. ஆகஸ்ட் 21இல் இரண்டு அணிகளும் இணைந்தன, அன்றே அவர் துணை முதல்வர் ஆனார். மனு மட்டும் அப்படியே கிடந்தது. 2018 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் கேள்வி எழுந்த பிறகு, கிட்டத்தட்ட மூன்றாண்டு கழித்து 2020 பிப்ரவரியில்தான் பதினொருவருக்கும் பேரவைத் தலைவரிடமிருந்து நோட்டீஸ் போனது. பேரவையின் ஆயுள் முடியும்வரை அவர்கள் உறுப்பினர்களாகவே இருந்தார்கள்.

ஆண்டிபட்டிக்கு நீங்கள், பெரியகுளத்துக்குக் கதிர்காமு. 2017 ஆகஸ்ட் 22 அன்று, முதல்வர்மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 19 பேரில் நீங்கள் இருவரும் உண்டு. வேறு கட்சியில் நீங்கள் சேரவில்லை. பேரவையில் அரசுக்கு எதிராக ஒரு ஓட்டும் போடவில்லை. ஆனாலும் கட்சி உறுப்பினர் பதவியைத் தானாக விட்டுக்கொடுத்ததாகச் சொல்லி செப்டம்பர் 18 அன்று 18 பேரையும் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். கடிதம் கொடுத்து அது 27ஆவது நாள்.

19 பேர் எப்படி 18 ஆனார்கள்? கம்பம் உறுப்பினர் ஜக்கையன் இடையில் முதல்வர் பக்கம் திரும்பிவிட்டார். அவர் பதவி தப்பியது.

எதிர்த்து ஓட்டே போட்டவர் துணை முதல்வர். கடிதம் மட்டும் கொடுத்த இருவருக்குப் பதவி போனது. அதே கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவருக்கு ஒன்றுமில்லை. கட்சி மன்னித்துவிட்டால் பதவி போகாது என்று சட்டத்தில் இடம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கொறடா உத்தரவை, அதாவது இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி இடும் கட்டளையை, மீறியவரை மன்னிக்க அந்தச் சட்டம் தரும் கெடு 15 நாள். அணிகள் இணைந்ததோ ஆறு மாதம் கழித்து. மாவட்டம் ஒன்று, கட்சி ஒன்று, ஆண்டு ஒன்று, முடிவு சொன்ன பேரவைத் தலைவரும் ஒருவரே. ஒரு மனு 27 நாளுக்குள் முடிகிறது, இன்னொரு மனுவுக்கு நோட்டீஸ் வரவே கிட்டத்தட்ட மூன்றாண்டு ஆகிறது என்றால் அங்கே வேலை செய்வது சட்டப் புத்தகம் என்று எப்படி நம்புவது?

அன்றைய பேரவைத் தலைவர் தனபாலை மட்டும் கை காட்டி இதை முடித்துவிட முடியாது. அந்த நாற்காலியின் அமைப்பே அப்படி. பேரவைத் தலைவர் ஒரு கட்சியின் சின்னத்தில் நின்று ஜெயித்தவர். ஆளும் கட்சி ஆதரவால் அங்கே உட்கார்ந்தவர். ஆட்சி கவிழ்ந்தால் அவர் பதவியும் ஆடும். ஆட்சியின் உயிரே தொங்கும் வழக்கை அவரிடம் கொடுத்து நடுநிலையாகத் தீர்ப்புச் சொல் என்பது, பந்தயத்தில் பணம் கட்டியவனையே நடுவராக நிறுத்துவது. எந்தக் கட்சி ஆண்டாலும் இதுதான் நிலைமை. பன்னீர்செல்வத்துக்குப் பதிலாகப் புதிய எதிர்க்கட்சித் துணைத் தலைவரை அங்கீகரிக்கச் சொல்லி அதிமுக 2022இல் பேரவைத் தலைவரைக் கேட்டது. பேரவையில் இருக்கை மாறியது 2024 பிப்ரவரியில். அப்போது நடந்தது உங்கள் கட்சி ஆட்சி.

இனி எங்கள் பக்கத்துக் கதை. 2017 செப்டம்பர் 18 முதல் 2019 மே 23 வரை, இருபது மாதம், ஆண்டிபட்டிக்குச் சட்டமன்ற உறுப்பினர் கிடையாது. பெரியகுளத்துக்கும் கிடையாது. பெரம்பூரிலிருந்து விளாத்திகுளம் வரை 18 தொகுதிக்குக் கிடையாது. 2018இல் துறைவாரியாக நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதம் நடந்தபோது வைகைக் கரையிலிருந்து பேச ஆள் இல்லை. வருசநாட்டிலிருந்தும் கடமலைக்குண்டிலிருந்தும் இறங்கி வருகிற சனம் முதியோர் உதவித்தொகைக்கும் பட்டாவுக்கும் ஆஸ்பத்திரிச் சிபாரிசுக்கும் யாரிடம் போய் நிற்கும்? ஒரு எம்.எல்.ஏ. கடிதம் எல்லாவற்றையும் முடித்துவிடாதுதான். ஆனால் அதிகாரியின் மேசையில் மனு மேலே வர அது உதவும். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட இருபது மாதம் எங்கள் தொகுதியில் ஆள் இல்லை.

தாமதத்துக்கு நீதிமன்றமும் காரணம், வழக்குப் போட்ட நீங்களும் காரணம். வழக்கு நடக்கும்வரை இடைத்தேர்தல் கூடாது என்று உத்தரவு இருந்தது. 2018 ஜூன் 14இல் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25இல் தகுதிநீக்கம் செல்லும் என்றார். இடையில் நீங்கள் செய்த ஒன்றை நான் மறக்கவில்லை. இரண்டு விதமான தீர்ப்பு வந்த கையோடு, என் வழக்கைத் திரும்பப் பெறுகிறேன், தொகுதி மக்கள் எம்.எல்.ஏ. இல்லாமல் இருக்கிறார்கள், இடைத்தேர்தல் வரட்டும் என்று அறிவித்தீர்கள். அந்த ஒரு அறிவிப்பை வைத்துத்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதலாம் என்ற தைரியம் வந்தது. மூன்றாவது தீர்ப்புக்குப் பிறகும் உச்ச நீதிமன்றம் போகாமல் தேர்தலைச் சந்திப்பது என்று உங்கள் அணி முடிவெடுத்தது. அதுவும் சரியான முடிவு.

2019 ஏப்ரல் 18. மக்களவைக்கு ஒரு இயந்திரம், சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு ஒரு இயந்திரம், ஆளுக்கு இரண்டு ஓட்டு. சட்டமன்றத்துக்கு அண்ணன் மகாராஜன் திமுக, தம்பி லோகிராஜன் அதிமுக. வெயிலில் வரிசை நகராமல் நின்றது. எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "நம்ம எம்.எல்.ஏ. ஏன்ப்பா எம்.பி. மிசின்ல நிக்காரு? போன தடவ நாம போட்ட ஓட்டு என்னாச்சு?" பக்கத்தில் நின்ற பையன், "அத கேன்சல் பண்ணிட்டாங்க ஆத்தா" என்றான். "யாரு?" என்றது அந்த அம்மா. வரிசையில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. பேரவைத் தலைவர் என்று சொல்லியிருக்கலாம். அவர் யார், நம் ஓட்டை ரத்துச் செய்ய அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று அடுத்த கேள்வி வந்திருக்கும்.

அதிகாரம் கொடுத்தது நீங்கள் இன்று உட்கார்ந்திருக்கும் அதே நாடாளுமன்றம்தான். 1967 தேர்தலுக்குப் பிறகு வடக்கே ஆள் மாறி ஆள் மாறி ஆட்சிகள் கவிழ்ந்தன. அரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். ஒய்.பி. சவான் தலைமையில் போட்ட குழு கணக்கெடுத்தபோது, தாவிய 210 பேரில் 116 பேர் அமைச்சர் ஆகியிருந்தார்கள். பாதிக்கு மேல். ஆசை எங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1985இல் 52ஆவது திருத்தமாகப் பத்தாவது அட்டவணை வந்தது. கட்சியில் மூன்றில் ஒரு பங்கு பிரிந்தால் தாவல் ஆகாது என்று அதில் ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள்; 2003இல் 91ஆவது திருத்தம் அதை மூடியது. மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்து வேறு கட்சியோடு இணையலாம் என்ற கதவு இன்றும் திறந்திருக்கிறது. பேரவைத் தலைவரே தீர்ப்பாளர் என்பதும் மாறவில்லை. 1992இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர் அதை ஏற்றார்கள், இருவர் கூடாது என்றார்கள். அந்த இருவர் பயந்தது அத்தனையும் பிறகு நடந்தது.

2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: தகுதிநீக்க மனுக்களைச் சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும், ஒரு கட்சியைச் சேர்ந்த பேரவைத் தலைவரிடம் இந்த அதிகாரம் இருக்கலாமா என்று நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் நிரந்தரத் தீர்ப்பாயம் அமைக்கலாம். தெலங்கானாவில் பாரத் ராஷ்டிர சமிதியிலிருந்து காங்கிரசுக்குப் போனதாகப் பத்து உறுப்பினர்கள் மேல் மனு. அவர்களில் தானம் நாகேந்தர் சட்டமன்றப் பதவியை விடாமலே 2024 மக்களவைத் தேர்தலில் செகந்திராபாத்தில் காங்கிரஸ் வேட்பாளராக நின்றார். அந்த வழக்கில் 2025 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடு விதித்து, நாடாளுமன்றம் இதைப் பரிசீலிக்கட்டும் என்று மறுபடி சொன்னது. நாடாளுமன்றத்தில் அதற்காக எழுந்து பேச ஒருவர் வேண்டும்.

நான் கேட்கும் திருத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. தகுதிநீக்க மனுவைப் பேரவைத் தலைவரிடமிருந்து எடுத்து, நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயத்திடம் கொடுங்கள். மூன்று மாதம் என்பதைச் சட்டத்திலேயே எழுதுங்கள். பதவி போனால் இடைத்தேர்தலுக்கும் அதேபோல நாள் குறியுங்கள். மேல்முறையீடு இருந்தால் அதற்கும் கெடு வையுங்கள். கட்சியை விட்டுப் போகிறவர் முதலில் ராஜினாமா செய்யட்டும், மக்களிடம் வரட்டும். ராஜினாமா செய்துவிட்டு, மறுபடி ஜெயிக்கும் முன்பே மந்திரி ஆவதையும் அடைக்க வேண்டும். தகுதிநீக்கம் ஆனவருக்கு அந்தத் தடை ஏற்கெனவே இருக்கிறது, ராஜினாமா செய்தவருக்கு இல்லை. 2020இல் மத்தியப் பிரதேசத்தில் ராஜினாமா செய்தவர்களில் சிலர் இடைத்தேர்தல் வரும் முன்பே அமைச்சர் ஆனார்கள்.

ராஜினாமா செய்துவிட்டு மாறுவது நடக்காத காரியம் இல்லை. பண்ருட்டி ராமச்சந்திரன் திமுக, அதிமுக, பாமக, தேமுதிக என்று பல கொடிகளைப் பார்த்தவர். 2013 டிசம்பரில் தேமுதிகவை விட்டு விலகியபோது ஆலந்தூர் இடத்தையும் சேர்த்தே விட்டார். பிறகுதான் அதிமுகவில் சேர்ந்தார். விஜயதரணி 2024இல் காங்கிரசிலிருந்து பாஜகவுக்குப் போனபோது விளவங்கோட்டை விட்டுவிட்டுப் போனார். அங்கே இடைத்தேர்தலில் காங்கிரஸே மறுபடி ஜெயித்தது. அந்தத் தொகுதி மக்கள் தங்கள் முடிவைச் சொல்ல இரண்டே மாதத்தில் வாய்ப்புக் கிடைத்தது. செங்கோட்டையனும் 2025 நவம்பரில் கோபிச்செட்டிபாளையம் பதவியை விட்டுவிட்டுத்தான் தவெகவில் சேர்ந்தார். இதற்கு மாறாக, 2011இல் தேமுதிகவில் ஜெயித்தவர்களில் சிலர் 2012 அக்டோபரிலிருந்து தொகுதிப் பிரச்சினை என்று சொல்லி முதல்வரைச் சந்தித்து ஆளும் கட்சிப் பக்கம் சாய்ந்தார்கள். ராஜினாமா செய்தது 2016 பிப்ரவரியில், அடுத்த தேர்தல் வாசலுக்கு வந்த பிறகு. மூன்றாண்டுக்கு மேல் அந்தத் தொகுதிகளின் ஓட்டு யார் பக்கம் இருந்தது என்று ஓட்டுப் போட்டவர்களுக்கே தெரியாது.

உங்கள் கட்சித் தலைமை இதற்குச் சம்மதிக்குமா என்று கேட்பீர்கள். பதினொருவரைத் தகுதிநீக்கம் செய்யச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போனது உங்கள் கட்சிதான். அன்று அது சொன்ன வாதம் இன்றும் வாதம்தான். அதோடு, தனிநபர் மசோதாவால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்குத் திருச்சி சிவாவை நினைவுபடுத்துங்கள். 1970க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டம் ஆகவில்லை என்பது உண்மை. ஆனால் திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்காக அவர் கொண்டுவந்த மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. பல பத்தாண்டுக்குப் பிறகு ஒரு அவை அப்படி ஒன்றை நிறைவேற்றியது அதுவே முதல் முறை. அதன் பிறகு அரசே மசோதா கொண்டுவர வேண்டியதாயிற்று. அரசியல் சட்டத் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அது உங்கள் ஒருவர் கையில் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் எழுந்து நின்று, "இந்தச் சட்டத்தால் என் தொகுதி இருபது மாதம் அனாதையாகக் கிடந்தது" என்று சொல்ல உங்களால் முடியும். அந்த அவையில் அதைச் சொந்த அனுபவமாகச் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலர்.

நீங்கள் மசோதா கொண்டுவந்தால், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் நம் மாவட்டத்தில் ஆதரவுக் கையெழுத்து வாங்கித் தர ஆட்கள் இருக்கிறார்கள். சக்கம்பட்டித் தறிக்காரர்களில் இருந்து கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் வரை இதைப் பேசிப் பார்த்துவிட்டேன். இரட்டை இலைக்குப் போட்டவரும் உதயசூரியனுக்குப் போட்டவரும் இந்த ஒரு விஷயத்தில் சண்டை போடவில்லை.

மக்களவையில் தனிநபர் மசோதாவுக்கு ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது விதி. வெள்ளிக்கிழமை பிற்பகல்தான் அதற்கான நேரம். அடுத்த கூட்டத்தொடருக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். முன்னறிவிப்புக் கொடுத்த தேதியை எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
ஆண்டிபட்டித் தொகுதி வாக்காளர் ஒருவர்